குடை எடுக்காமல் போனவள்

அதெல்லாம் சுத்தப் பொய். பஞ்சு யாரோடும் ஓடிப் போகவில்லை. அவளோடு நாடகத்தில் நடித்த தபால்காரர் இன்றைக்கும் தன் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மருமகளிடம் வசவு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். சந்தேகம் இருப்பவர்கள் நேரே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மேடையில் பக்கத்தில் நின்றதற்கெல்லாம் கதை கட்டுவதென்றால், அந்த நாடக வகுப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு கதை கட்ட வேண்டியிருக்கும்.

மாடி வீட்டு அம்மா விடுவதாக இல்லை. "சரி, ஓடிப் போகல. நோயாளிப் புருஷனை விட்டுட்டுப் போனாளா இல்லையா? அதுக்குப் பதில் சொல்லுங்க" என்கிறாள். "மழை பேஞ்சுக்கிட்டு இருக்கு. கையில ஒரு பை. குடைகூட எடுக்கல, அவ்வளவு அவசரம். படியில நின்னு என் ரெண்டு கண்ணால பார்த்தேன். இப்போ வாரத்துக்கு ரெண்டு நாள் சால்வையைப் போர்த்திக்கிட்டு விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறா. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல?"

அவள் பார்த்தது அத்தனையும் உண்மைதான். மழை உண்மை, பை உண்மை, குடை எடுக்காதது உண்மை, சால்வையும் உண்மை. அதையெல்லாம் கோர்த்து அவள் கட்டிய கதைதான் பொய். நாற்பத்தியொரு வருஷம் ஒரு மனுஷனோடு வாழ்ந்தவளைப் பற்றி, ஒரு நிமிஷம் படியில் நின்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதா? முழுசாகக் கேட்கட்டும். கேட்ட பிறகும் பேச வாய் இருந்தால் பேசட்டும்.

பஞ்சு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. பதினாலு வயசில் மெத்தைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பஞ்சை உதறிப் பிரிப்பது, உறையில் அடைப்பது, கோணி ஊசியால் மூலை தைப்பது, கடைசியில் மெத்தை முழுக்க வரிசையாக முடிச்சுப் போட்டு இறுக்குவது, எல்லாம் அவள் கை வேலை. ஒரு மெத்தைக்கு இருபத்திநாலு முடிச்சு. ஒன்று தளர்ந்தாலும் பஞ்சு ஒரு பக்கமாகத் திரண்டுவிடும், படுப்பவர் முதுகு சபிக்கும். அவள் போட்ட முடிச்சு தளர்ந்ததென்று ஒரு மெத்தைகூடத் திரும்பி வந்ததில்லை.

அவளுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும்போது, பட்டறையைக் காலையில் திறக்கும் பொறுப்பை முதலாளி அவளிடம் விட்டிருந்தார். ஒருநாள் சாவியை உள்ளே ஆணியில் மாட்டிவிட்டு, யாரோ கூப்பிட்டார்களென்று வெளியே வந்து கதவை இழுத்துவிட்டாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. முதலாளி வருவதற்கு அரைமணி நேரம்தான் இருந்தது. தெருமுனையில் பெட்டி மாதிரி ஒரு கடை வைத்திருந்த பூட்டுக்காரரைக் கையோடு இழுத்து வந்தாள். அவர் ஒரு கம்பியை வளைத்தார், காதைக் கதவோடு வைத்தார், திறந்துவிட்டார்.

"சாவி உள்ள இருக்கு, ஆளு வெளிய நிக்கிறீங்க. பூட்டு மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். அப்புறம் அவள் தலையைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க இது, தலையெல்லாம் பஞ்சு?"

தப்பே இல்லாத அந்தப் பூட்டைச் சரிபார்க்க அதற்கப்புறம் மூன்று தடவை வந்தார். நாலாவது தடவை தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்படித்தான் கல்யாணம் ஆனது. அன்றிலிருந்து அவளை அவர் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் கூப்பிட்டதைப் பார்த்து நாமும் கூப்பிட்டோம்.

அந்த அக்காவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடப்பாள். குளிரோ வெயிலோ, காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு கம்பளிச் சால்வை தோளில் கிடக்கும். தம்பியை "துரை" என்றுதான் கூப்பிடுவாள். அவள் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. சால்வை மட்டும் பஞ்சுவின் பெட்டியில் இருந்தது.

பூட்டுக்காரர் வீட்டுக் கதவை அடைக்கும்போது ஒரு பழக்கம் உண்டு. சாவியை இரண்டு சுற்று சுற்றுவார். பிறகு கைப்பிடியை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. "பூட்டினேன்னு கைக்குத் தெரியணும்" என்பார். ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, கட்டிக் கொடுத்து, வீடு மறுபடி இருவருக்கானதாக ஆகும்வரை அந்தச் சத்தம் கேட்டால்தான் பஞ்சுவுக்குக் கண் சொக்கும்.

பிறகு மறதி வந்தது. முதலில் சின்னச் சின்னதாக வந்தது. ஒரு வீட்டுச் சாவியை இன்னொரு வீட்டுக்காரருக்குக் கொடுத்தனுப்பினார். ராவிய சாவியையே திரும்பத் திரும்ப அரத்தால் ராவி ஊசியாக்கினார். ஒருநாள் தன் கடை வாசலிலேயே நின்று பக்கத்துக் கடைக்காரரிடம், "இந்தக் கடைக்காரர் எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டார். அந்த மனுஷனும் "வந்துடுவாருங்க" என்றிருக்கிறார். இவர் மத்தியானம்வரை அங்கேயே காத்து நின்றார்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ஆளுங்களோட இருக்கட்டும். புதுசா ஏதாவது கத்துக்கட்டும். மூளை சும்மா கிடக்கக் கூடாது" என்றார். நூலகத்து மாடியில் வயசானவர்களுக்கு வகுப்பு நடக்கிறதென்று விசாரித்துக்கொண்டு பஞ்சு அவரைக் கூட்டிப் போனாள். கம்ப்யூட்டர், படம் வரைவது, வெளிநாட்டுப் பாஷை என்று ஒரு பெரிய பட்டியல். பஞ்சுவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. "எழுதப் படிக்கத் தேவையில்லாதது எதும்மா?" என்று கேட்டாள். "நாடகம்" என்றாள் அங்கிருந்த பெண். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி.

ஆக, அவள் ஆசைப்பட்டு நடிக்கப் போனாள் என்பது முதல் பொய். அவள் சேர்த்துவிட்டது புருஷனை. அவள் துணைக்குப் போனவள்.

நாடக டீச்சர் அவள் மகளைவிடச் சின்னவள். முதல் நாளே சொல்லிவிட்டாள்: "இங்க ஒரே ஒரு விதிதான். எதிர்ல இருக்கிறவங்க சொல்றதை மறுக்காதீங்க. உங்களை ராணின்னு சொன்னா நீங்க ராணி. 'அய்யய்யோ, நான் இல்லீங்க'ன்னு சொன்னா நாடகம் அந்த இடத்துலயே செத்துடும். சொன்னதை வாங்கிக்கோங்க, மேல ஒண்ணு குடுங்க."

ஆள் குறைகிறதென்று பஞ்சுவையும் நடுவில் இழுத்து விட்டார்கள். தபால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "டாக்டரம்மா, உயிர் போகுது" என்றார். பஞ்சு பதறிப்போய், "நான் டாக்டர் இல்லீங்க. மெத்தை தைக்கிறவ" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வாரம் அவர் அதே வயிற்றுவலியோடு வந்தபோது, "எங்க, நாக்கை நீட்டுங்க" என்றாள் அவள். "ம்ம். வயித்துல ஒண்ணும் இல்ல. முதுகுலதான் கோளாறு. ராத்திரி எந்தக் கடை மெத்தையில படுத்தீங்க?" தபால்காரர் வயிற்றுவலியை மறந்து சிரித்துவிட்டார். அவருக்கு அன்றைக்கு டீச்சரிடம் திட்டு.

பூட்டுக்காரருக்கு அந்த வட்டம் ஒத்துவரவில்லை. கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது வாரம், பல காலமாக இறுகிக் கிடந்த அந்தக் கூடத்துக் கதவை யாரும் கேட்காமலே கழற்றி மாட்டிச் சரிசெய்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அதுதான் அவர் அங்கே செய்த ஒரே நடிப்பு. அதற்கப்புறம் ஆட்கள் ஒருவர் இன்னொருவராக மாறுவதைப் பார்த்து மிரள ஆரம்பித்தார். "இவங்க யாரு, மாத்தி மாத்திப் பேசுறாங்க?" என்று பஞ்சுவின் கையைப் பிடித்துக்கொள்வார். இரண்டு மாசத்தில் நின்றுவிட்டார்.

அவளும் நிற்பதாகத்தான் இருந்தாள். மகள்தான் கேட்கவில்லை. மருந்துக் கடையில் மகளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. "ரெண்டு காலை நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கிறேன். நீ போயிட்டு வாம்மா. அங்க போயிட்டு வர்ற அன்னைக்குத்தான் நீ வாய் திறந்து பேசுற" என்றாள். பஞ்சு போனாள். போனது சுகத்துக்குத்தான், அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வாரத்தில் நாலு மணி நேரம் ஒரு பொம்பளை சிரித்தால் அது குற்றமா?

ஒருநாள் காலையில் அவர் எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்து, "அக்கா, எப்ப வந்தே?" என்று கேட்டார்.

"என்னங்க இது, நான் பஞ்சுங்க. அக்கா போய் எவ்வளவு வருஷம் ஆச்சு" என்றாள்.

அவர் முகம் அப்படியே உடைந்தது. "அக்கா செத்துட்டாளா? எப்போ? என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?" அன்றைக்குத்தான் பிணத்தைப் பார்த்தவர் மாதிரி அழுதார். மறுநாளும் கேட்டார். மறுநாளும் அவள் உண்மையைச் சொன்னாள்; மறுநாளும் அக்கா புதுசாகச் செத்தாள். நாலு நாளில் நாலு சாவு. ஐந்தாவது நாள் வெள்ளிக்கிழமை. வகுப்பில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. டீச்சர் யாரையோ அதட்டினாள்: "மறுக்காதீங்கம்மா, வாங்கிக்கோங்க." பஞ்சு எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, பாதி வகுப்பில் வீட்டுக்கு நடந்தாள்.

பெட்டியைத் திறந்து அந்தச் சால்வையை எடுத்தாள். ஒரு வேஷத்துக்கு ஒரு பொருள் போதும் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தாள்: போட்டால் அவள், கழற்றினால் நீ. பஞ்சு சால்வையைப் போர்த்திக்கொண்டாள். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்து அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"என்னடா துரை, சாப்பிட்டியா?"

"அக்கா!" என்றார் அவர். மூன்று நாளாகத் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தவர், பிசைந்து கொடுத்ததையெல்லாம் வாங்கிச் சாப்பிட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் சால்வை. பிறகு குளிக்க வைக்கும்போதும் சால்வை. அக்கா என்றால் கூச்சமில்லாமல் நிற்பார். தலை வாரிவிடும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வயசுக் கதை பேசும்போது, எல்லாவற்றுக்கும் சால்வை. அக்கா காலத்துக் கதைகள் அவளுக்குப் பாதிதான் தெரியும். மீதியை அவரே எடுத்துக் கொடுப்பார், அவள் வாங்கிக்கொண்டு மேலே ஒன்று கொடுப்பாள். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள்.

இங்கேதான் பஞ்சு ஒரு தப்புச் செய்தாள். வேறு எந்தப் பெண்டாட்டிக்கும் செய்ய வராத தப்பு. நன்றாக நடிக்கத் தெரிந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

கசப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். நகம் வெட்ட வேண்டும். கையைக் கிழித்துக்கொள்ளாமல் அரத்தையும் கம்பியையும் ஒளித்து வைக்க வேண்டும். தெருவில் இறங்கினால் மறித்து இழுத்து வர வேண்டும். இதையெல்லாம் அக்காவாக இருந்து செய்தால் அக்கா மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடுமே என்று பயந்தாள். அதனால் அந்த நேரங்களில் சால்வையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பஞ்சுவாகவே வந்தாள். ஊட்டியது அக்கா, மறித்தது பஞ்சு. கதை சொன்னது அக்கா, வாயைப் பிடித்து மாத்திரை போட்டது பஞ்சு. மாசக்கணக்கில் இப்படி நடந்தது. நல்லதையெல்லாம் செத்தவள் பேரில் எழுதி, கெட்டதையெல்லாம் தன் பேரில் எழுதிக்கொண்டாள்.

அவர் கணக்கு அவருக்கு. வீட்டில் இரண்டு பொம்பளைகள் இருப்பதாக அவர் மனசில் பதிந்துவிட்டது. ஒருத்தி அக்கா. இன்னொருத்தி, ஏதோ ஒரு பொம்பளை. கையில் மாத்திரையோடு வருகிறவள், சாமானைத் திருடி ஒளித்து வைக்கிறவள்.

"அக்கா, அந்தப் பொம்பளை யாரு?" என்று ஒருநாள் காதோடு கேட்டார். "நல்லவ மாதிரி தெரியல."

சால்வைக்குள் இருந்த பஞ்சு என்ன சொல்வாள்? "வேலைக்கு வந்தவடா" என்றாள்.

டீச்சரிடம் இதைச் சொன்னாள். "நல்ல வசனத்தையெல்லாம் ஒரே பாத்திரத்துக்குக் குடுத்துட்டீங்களேம்மா" என்றாள் அந்தப் பெண். அவள் குரலே சரியில்லை. சொல்லிக் கொடுத்தவள் அவள்தானே.

வருஷக் கடைசியில் வகுப்புக்காரர்கள் ஒரு நாடகம் போடுவதென்று முடிவானது. ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் ஒரு நாளை நடித்துக் காட்ட வேண்டும். பஞ்சு யோசிக்கவே இல்லை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட அந்தக் காலை. தபால்காரர்தான் பூட்டுக்காரர் வேஷம். புருஷனின் மூடிக் கிடந்த கடையிலிருந்து ஒரு கதவுச் சட்டத்தையும் நிஜப் பூட்டையும் கொண்டுவந்து மேடையில் நிறுத்தினார்கள். பட்டறையிலிருந்து ஒரு கைப்பிடி பஞ்சு வாங்கி வந்து தலைமுடியில் உதறிக்கொண்டாள்.

மகள் அப்பாவைக் கூட்டி வந்து முதல் வரிசையில் உட்கார வைத்தாள். பஞ்சுவின் மனசில் இருந்த ஆசை என்ன என்று மகளுக்குத் தெரியும். அவர் வாயிலிருந்து "பஞ்சு" என்ற சொல் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அந்த மேடையில் ஏறினாள். கைதட்டலுக்காக இல்லை.

மேடையில் வெளிச்சம் வந்தது. பஞ்சு கதவைத் தட்டினாள், கையைப் பிசைந்தாள், ஓடிப்போய்த் தபால்காரரை இழுத்து வந்தாள். அவர் கம்பியைப் பூட்டுக்குள் விட்டுக் குத்து குத்தென்று குத்தினார். திறக்கவில்லை.

"அப்படிக் குத்தாதய்யா! பூட்டு என்ன உன் மாமியாரா?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம்.

கூடமே சிரித்தது. பூட்டுக்காரர் எழுந்துவிட்டார். மகள் சட்டையைப் பிடிப்பதற்குள் படி ஏறிவிட்டார். தபால்காரர் கையிலிருந்து கம்பியை வாங்கினார், வளைத்தார், காதைக் கதவோடு வைத்தார். விரல்கள் மறக்கவில்லை. பூட்டு திறந்தது. அவர் திரும்பி, வெளிச்சத்தில் நின்ற அவளைப் பார்த்தார்.

"சாவி உள்ள இருக்கு, ஆளு வெளிய நிக்கிறீங்க. பூட்டு மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாற்பத்தியொரு வருஷத்துக்கு முந்தின சொல், ஒரு எழுத்து மாறவில்லை. பிறகு கையை நீட்டி அவள் தலையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்தார். "பஞ்சு" என்றார்.

இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். டீச்சர் மேடை விளக்குகளின் சுவிட்ச் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். தபால்காரர் அவரை மெதுவாகக் கீழே கூட்டிப் போனார்.

பஞ்சு உள்ளே ஓடி முகத்தைக் கழுவினாள், தலையை உதறினாள், மூச்சிரைக்க முன்னால் வந்தாள். "என்னங்க" என்று அவர் கையைப் பிடித்தாள்.

அவர் கையை உருவிக்கொண்டார். "நீ எதுக்கு இங்க வந்தே?" என்றார். மகளைப் பார்த்து, "என் வீட்டுக்காரி அந்த மேடைக்குப் பின்னால போனா. கூப்பிடும்மா, வீட்டுக்குப் போகணும்" என்றார்.

பஞ்சு திரும்ப ஓடினாள். தரையில் உதிர்ந்து கிடந்த பஞ்சைக் கூட்டி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். கூடத்து விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். அவர் அவள் முகத்தைக் கிட்டத்தில் பொறுமையாகப் பார்த்தார். "இல்ல" என்றார். "இவ இல்ல."

அந்த ஒரு சொல் போதும், யாரும் அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை.

அன்றிலிருந்து அவர் பஞ்சுவுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். நாற்காலியை வாசல் கதவுக்கு நேரே போட்டுக்கொள்வார். "அக்கா, பஞ்சு வந்தாளா? நான் பார்த்தேன். வந்திருக்கா" என்பார். நிஜப் பஞ்சு மாத்திரையோடு வந்தால் முகம் இறுகிவிடும். அவள்தான் பஞ்சுவை உள்ளே விடாமல் தடுக்கிறாள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் பொம்பளைக்குப் பயந்துகொண்டு உள் அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டார். அந்த அறைக்குப் பூட்டுப் போட்டவர் அவர். வெளியிலிருந்து எவனாலும் திறக்க முடியாத பூட்டு. தண்ணீர்கூட இல்லாமல் மத்தியானம்வரை உள்ளே இருந்தார். மகள் கெஞ்சினாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைக்கலாமா என்றார்கள். பஞ்சு சால்வையைப் போர்த்திக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

"துரை, கதவைத் திறடா."

"அவ இருக்காளாக்கா?"

"இல்லடா. நான் மட்டும்தான்."

"அவ இருக்கிற வரைக்கும் பஞ்சு வரமாட்டாக்கா. அவளை அனுப்பிடு. நீ சொன்னா கேப்பா. அனுப்பிடுறியா?"

பஞ்சு காதைக் கதவோடு வைத்தாள். விதி அவளுக்குத் தெரியும். மறுக்கக் கூடாது, வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அவள் வாய் திறந்தது விதிக்காக இல்லை. உள்ளே அவர் நாக்கு வறண்டு பேசுவது அவளுக்குக் கேட்டது.

"அனுப்பிடுறேன்டா" என்றாள்.

தாழ்ப்பாள் விலகியது.

டாக்டர் சொன்னது இது: மனுஷன் இவ்வளவு பயத்தோடு இருக்கக் கூடாது, உடம்பு தாங்காது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதி எதிலாவது சேர்த்துவிடுங்கள். மகளும் அரை மனசாகத் தலையாட்டினாள். பஞ்சு ஒரே பிடியாக நின்றாள். "இந்த வீட்டுல ஒவ்வொரு தாழ்ப்பாளும் அவர் கை வச்சது. கண்ணை மூடிக்கிட்டு நடப்பார். வேற இடத்துல கொண்டுபோய் விட்டா சுவர்ல முட்டிக்கிட்டுச் சாவார். ஒருத்தர் போகணும்னா அவர் எதுக்குப் போகணும்? அவர் யாரைப் போகச் சொல்றாரோ, அவ போறா."

"அம்மா, அது நீதானே!" என்று மகள் கத்தினாள்.

"எனக்குத் தெரியும்டி. அவருக்குத் தெரியலையே."

ஏற்பாடெல்லாம் அவளே செய்தாள். மகளும் மருமகனும் அந்த வீட்டுக்கே குடிவந்தார்கள். மகள் வீட்டில் இல்லாத மத்தியான நேரத்துக்கு ஒரு ஆள் வைத்தார்கள். மாத்திரையை இனிமேல் மருமகன் கொடுப்பான். "டாக்டர் வந்திருக்கார்" என்றால் அவர் நாக்கை நீட்டிவிடுவார். அதையும் பஞ்சுதான் சொல்லிக் கொடுத்தாள். மெத்தைப் பட்டறைக்கு மேலே ஒரு அறை சும்மா கிடந்தது. பழைய முதலாளியின் மகன், "அக்கா, எவ்வளவு நாள் வேணாலும் இருங்க, தலகாணி மட்டும் தைச்சுக் குடுங்க" என்றான். செவ்வாயும் வெள்ளியும் அக்கா வருவாள், ஊட்டிவிட்டுப் போவாள் என்று பேச்சு. வகுப்பை அதோடு நிறுத்திவிட்டாள். வகுப்பு நேரத்தில்தான் மாடி வீட்டு அம்மா சொல்கிற அந்த விருந்தாளி வருகிறாள்.

போகிற அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். சால்வையோடு போனால் அக்கா போகிறாள் என்று அவர் தவித்துப்போவார். அந்தப் பொம்பளைதான் போக வேண்டும், போவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பயம் போகாது. அதனால் சால்வையை மடித்துப் பையின் அடியில் வைத்தாள். மேலே இரண்டு மாற்றுத் துணி, சீப்பு, கோணி ஊசி. தன் சாவியை உள்ளே ஆணியில் மாட்டினாள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். நாற்பத்தியொரு வருஷத்தில் எந்த வேஷமும் இல்லாமல் அவள் அந்த வீட்டில் நின்ற கடைசி நேரம் அது. அதுவும் ஒரு வேஷமாகிப் போயிருந்தது.

மகள் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெளியே வரக் கூடாதென்று பஞ்சு சொல்லியிருந்தாள்.

பூட்டுக்காரர் வாசல் நாற்காலியில் இருந்தார். பையைப் பார்த்ததும் எழுந்தார்.

"போறியா?"

"போறேங்க."

அவர் முகத்தில் இருந்த இறுக்கம் மெதுவாகத் தளர்ந்தது. அடிப்படையில் நல்ல மனுஷன். ஒருவரை விரட்டி அவருக்குப் பழக்கமில்லை. அவள் காலைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"போக இடம் இருக்காம்மா?"

"இருக்குங்க."

"யாராவது இருக்காங்களா உனக்கு?"

"இருந்தார்" என்று வந்துவிட்டது. உடனே, "இருக்காருங்க" என்று திருத்திக்கொண்டாள்.

"சரி. பார்த்துப் போ. நான் கோபத்துல ஏதாவது பேசியிருந்தா மனசுல வச்சுக்காதே."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவைத் திறந்தபோது சாரல் உள்ளே அடித்தது. "இரு இரு, மழை பேயுது" என்று அவர் பதறிப்போய் ஆணியில் தொங்கிய நீலக் குடையை எடுத்தார். அவள் கையருகே கொண்டுவந்தவர், அதன் பிடியைப் பார்த்து நின்றுவிட்டார். பிடி உடைந்தபோது அவரே ஒரு சாவி வளையத்தைச் சுற்றிச் சரிசெய்து கொடுத்த குடை. மெதுவாக அதைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கம்மா. இது என் வீட்டுக்காரியோடது. அவ வந்தா தேடுவா. குடுக்க முடியாது."

பஞ்சு அந்தக் குடையைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"வேணாங்க" என்றாள். "அவங்களுக்கு வேணும்ல."

மாடிப்படி வளைவில் மாடி வீட்டு அம்மா நின்றிருந்தாள். பஞ்சு அவளைப் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டிக் காலை வைத்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தலையில் மழை விழ, நகராமல் அங்கேயே நின்றாள்.

உள்ளே சாவி ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. கைப்பிடியை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

கேட்டுவிட்டு, படி இறங்கிப் போனாள்.